மசாலைத் தூள் கப்பல் ஏறலாம். பணம் எப்போது கரையேறும்?

ஏற்றுமதி என்றால் நம் மக்களுக்கு ஏதோ புதிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். விடியுமுன் வெட்டிய பால் ஸ்டோரில் உறைந்து, சீட்டாக உருண்டு, புகைக் கொட்டகையில் காய்ந்து, 250 ராத்தல் பேலாகக் கட்டப்பட்டு, வெள்ளைப் பூச்சின் மேல் அடையாள எழுத்துகள் குத்தப்பட்டு லோரி ஏறிய காலம் பலருக்கு நினைவிருக்கும். அங்கிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம். 1972க்குப் பிறகு அதுவே போர்ட் கிள்ளான். அதற்கப்பால் கடல். மூன்று தலைமுறையாக நாம் கடலுக்கப்பால் சரக்கு அனுப்பியவர்கள்தாம்.

ஆனால் அந்தப் பேலை முதுகில் சுமந்தவர் நம்மவர். அதன் கடுதாசியைச் சுமந்தவர் வேறொருவர். சரக்கை வாங்குகிறவன் யார், என்ன விலை, எத்தனை நாளில் பணம் வரும், கப்பல் மூழ்கினால் யாருக்கு நட்டம் என்பதெல்லாம் கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு, சைம் டார்பி போன்ற ஏஜென்ஸி நிறுவனங்களின் மேசைகளில் முடிந்த காரியம். தோட்டத்துக் கிராணிக்குக்கூட அதில் பாதிதான் தெரியும். தொழிலாளிக்கு மாதச் சம்பளம் வந்தது. வணிகம் தெரிய வரவில்லை.

இன்று நிலை வேறு. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்குக் குடியேறிய குடும்பங்களில் எத்தனையோ பேர் முறுக்கு பிழிகிறார்கள், மசாலை அரைக்கிறார்கள், ஊறுகாய் போடுகிறார்கள், பூஜைச் சாமான் கட்டுகிறார்கள். பாசார் மாலாமில் தொடங்கி, பட்டணத்துக் கடைகளுக்குப் போட்டு, பிறகு ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ ஒரு தொலைபேசி வருகிறது: "உங்கள் சாமான் எங்களுக்கும் வேண்டும்." அன்றைக்கு வீட்டில் பண்டிகைதான்.

என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி இப்போது கணவரோடு சேர்ந்து கெடாவில் மசாலைத் தூள் அரைக்கிறாள். சென்ற ஆண்டு இப்படி ஓர் அழைப்பு வந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டாள். "சார், அனுப்பறதுக்கு என்னென்ன பாரம் பூர்த்தி பண்ணணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். "பாரம் கிடக்கட்டும்மா, பணம் எப்போ வருதுன்னு கேட்டியா?" என்றேன். "அது வந்துடும் சார், நம்ம ஆளுங்கதான்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் ஆபத்து இருக்கிறது. ஏற்றுமதி செய்யத் தொடங்கும் சிறுவணிகர் சரக்கு கெட்டுக் கவிழ்வதைவிட, நல்ல சரக்கை விற்றுவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்து கவிழ்வதே அதிகம் என்பது என் எண்ணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஆயிரம் கிலோ தூள், கிலோ 20 வெள்ளி, ஆக 20,000 வெள்ளி வரவு என்று வைத்துக்கொள்வோம். மிளகாய், மல்லி, மஞ்சள், பொட்டலப் பை, கூலி, பரிசோதனை, லோரி வாடகை எல்லாம் சேர்ந்து 15,000 வெள்ளி செலவு. இலாபம் 5,000, கேட்க இனிக்கிறது. வாங்கி, காயவைத்து, அரைத்துக் கட்ட இரண்டு வாரம். போய்ச் சேர ஒரு வாரம். வாங்குகிறவர் கேட்கும் தவணையோ 60 நாள். ஆகவே முதல் காசைக் கண்ணில் காண ஏறத்தாழ 80 நாள். சாமான் நன்றாக ஓடி, இரண்டாம் மாதம் ஒரு ஆர்டர், மூன்றாம் மாதம் இன்னொன்று வந்தால்? முதல் 20,000 கைக்கு வருமுன் 45,000 வெள்ளி கையைவிட்டுப் போயிருக்கும். புத்தகத்தில் இலாபம் 15,000. அடுக்களையில் அரிசி வாங்கக் காசில்லை. மிளகாய் மொத்த வியாபாரியோ ரொக்கம் கேட்பான். வியாபாரம் வளர வளரக் கை வறண்டுபோகும் இந்த வேடிக்கையைப் புரிந்துகொள்ளாமல், தாலிக்கொடியை அடகுக்கடைக்கு அனுப்பிய குடும்பங்களை நானறிவேன்.

இந்த 80 நாளுக்குப் பாலம் போடுவதுதான் ஏற்றுமதி நிதி என்பதன் முழுப் பொருளும்.

கிட்டங்கியில் இருந்த வித்தை

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று மலைக்க வேண்டியதில்லை. பினாங்கு ஸ்திரீட்டிலும், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் சென்னைக்கும் பணத்தை மூட்டை கட்டி அனுப்பவில்லை. உண்டியல் எழுதினார்கள். கோயில் உண்டியலல்ல, "இன்னாருக்கு இத்தனை கொடுக்கவும்" என்று ஒரு கிட்டங்கி மற்றொன்றுக்கு எழுதும் ஓலை. பார்த்தவுடன் பணம் கொடுக்க வேண்டிய உண்டியல் ஒரு வகை. குறித்த தவணை கழித்துக் கொடுக்க வேண்டியது மற்றொரு வகை. தவணை வரை காத்திருக்க முடியாதவர், கொஞ்சம் வட்டம் விட்டுக்கொடுத்து இன்றைக்கே காசாக்கிக்கொள்ளலாம். இன்று வங்கியில் 'சைட் பில்', 'டெர்ம் பில்', 'டிஸ்கவுண்ட்' என்று சொல்லப்படுபவை இவற்றின் மறுபெயர்களே. பெயர் மாறிற்று, ஜாமீன் கேட்கும் முறை மாறிற்று, அவ்வளவுதான்.

பணம் பெறும் வழிகளில் எல்லாவற்றிலும் பத்திரமானது முன்பணம். அறிமுகமில்லாத இறக்குமதியாளரிடம் ஆர்டர் உறுதியாகும்போது ஒரு பகுதியும், சரக்கு ஏறுமுன் மிச்சமும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்மவர் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம். முப்பது விழுக்காடு முன்பணம்கூடக் கொடுக்க மனமில்லாதவர் அறுபது நாள் கழித்து முழுப் பணத்தையும் கொடுப்பார் என்று நம்புவது எந்த ஊர் கணக்கு?

அடுத்தது, வங்கி மூலம் பத்திரம் அனுப்பும் முறை. கப்பலில் ஏற்றியதும் கப்பல் நிறுவனம் 'பில் ஆஃப் லேடிங்' என்னும் சரக்குச் சீட்டைத் தரும். அந்த மூலச்சீட்டு இல்லாமல் அங்கே சரக்கை எடுக்க முடியாது. அதை உங்கள் வங்கி அவர் வங்கிக்கு அனுப்பும்; பணம் கட்டினால்தான் சீட்டு அவர் கைக்குப் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜொகூர் பாலம் வழியாக லோரியில் சிங்கப்பூருக்குப் போகும் சரக்குக்கு இந்தப் பிடி கிடையாது. லோரிச் சீட்டும் விமானச் சீட்டும் சரக்கின் உரிமைப் பத்திரங்கள் அல்ல. பெயருக்குரியவர் அடையாளம் காட்டி எடுத்துக்கொள்வார். நம்மவரில் பெரும்பாலோர் முதலில் சிங்கப்பூருக்குத்தான் அனுப்புகிறார்கள். அதுவும் லோரியில்தான் அனுப்புகிறார்கள். ஆகவே அவர்களுக்கு வங்கிப் பத்திர முறை காவலாகாது. முன்பணந்தான் காவல்.

ஒரு எழுத்து மாறினால்

எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வங்கி உறுதிக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதைப் 'பணம் வந்த மாதிரி' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வாங்குகிறவரின் வங்கி, "இன்னின்ன பத்திரங்களை இன்ன தேதிக்குள் காட்டினால் நான் பணம் தருகிறேன்" என்று கொடுக்கும் வாக்குதான் எல்.சி. வாக்கு வலுவானது, வாங்குகிறவர் மனம் மாறினாலும் வங்கி மாற முடியாது. ஆனால் வங்கி பார்ப்பது பத்திரங்களை மட்டுமே. சரக்கைப் பார்ப்பதே இல்லை. உங்கள் தூள் தேவாமிர்தமாக இருக்கட்டும், பத்திரத்தில் பிசகு இருந்தால் பணம் நிற்கும்.

இதற்கு உலகம் முழுவதும் ஒரே விதி நூல் இருக்கிறது. பாரிசில் உள்ள அனைத்துலக வர்த்தகச் சங்கம் 1933இல் முதலில் வெளியிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2007 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த யூ.சி.பி. 600. முப்பத்தொன்பது விதிகள். அதன்படி, எல்.சி.யில் வேறாகச் சொல்லாவிட்டால், சரக்கு ஏறிய 21 நாளுக்குள் மூலப் போக்குவரத்துச் சீட்டையும் மற்றப் பத்திரங்களையும் வங்கியில் கொடுத்துவிட வேண்டும். வங்கிக்கு அவற்றைச் சரிபார்க்க அதிகப்படி ஐந்து வேலை நாள். இன்வாய்ஸில் சரக்கின் வருணனை எல்.சி.யில் உள்ளதற்கு ஒத்துப்போக வேண்டும். எல்.சி. 'குழம்பு மசாலை' என்றால் நீங்கள் 'மீன் மசாலை' என்று எழுதக்கூடாது, உள்ளே இருப்பது ஒன்றேயானாலும். தொகைக்கோ எடைக்கோ முன்னால் 'ஏறத்தாழ' என்ற சொல் இருந்தால் பத்து விழுக்காடு கூடலாம், குறையலாம். 'ஐந்நூறு அட்டைப்பெட்டி' என்று எண்ணிக்கையாகப் போட்டிருந்தால் ஐந்நூறுதான். நானூற்றுத் தொண்ணூற்றெட்டும் பிசகே.

பெயர் விஷயம் நம் சமூகத்துக்கே உரிய தலைவலி. பிறந்த பத்திரத்தில் ஒரு விதம், அடையாளக் கார்டில் ஒரு விதம், பள்ளிப் பதிவில் ஒரு விதம் என்று 'சுப்பிரமணியம்' எத்தனை விதமாக ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காதில் விழுந்ததை எழுதியவர்களின் கைவண்ணம் அது. நிறுவனத்தின் பெயரை எஸ்.எஸ்.எம். பதிவில் எப்படி எழுதியிருக்கிறதோ, புள்ளி, கமா மாறாமல் அப்படியே வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுங்கள். அவர் வாயால் கேட்டு எழுதினால் எல்.சி. உங்கள் பெயரில் வராது; உங்கள் பெயரைப் போன்ற ஒரு பெயரில் வரும்.

எல்.சி. கைக்கு வந்தவுடன் படிக்க வேண்டும். சரக்கு ஏறிய பிறகு படிப்பவர் பலர். செய்ய முடியாத நிபந்தனை ஏதாவது இருந்தால், உதாரணமாக உங்களால் பெற முடியாத ஒரு சான்றிதழைக் கேட்டிருந்தால், ஏற்றுமுன்னரே திருத்தச் சொல்லலாம். இதையும் சொல்லிவிடுகிறேன்: ஐயாயிரம், பத்தாயிரம் வெள்ளிச் சரக்குக்கு எல்.சி. கேட்பது கோழிக்குஞ்சுக்கு யானைச் சங்கிலி. இரு பக்க வங்கிக் கட்டணங்களே இலாபத்தைக் கடித்துவிடும். ஆர்டர் பெரிதாகும்போது, அதுவும் புது நாட்டுக்குப் போகும்போது, அது தேவைப்படும்.

யார் உதவுவார்?

நம் நாட்டில் உதவி இல்லை என்று சொல்வதற்கில்லை. 1993இல் தொடங்கிய மெட்ரேட் என்னும் வெளிநாட்டு வாணிப மேம்பாட்டுக் கழகம், வாங்குவோரைத் தேடிக் கொடுப்பது, பயிற்சி வகுப்புகள் நடத்துவது, வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அழைத்துப் போவது என்று பல காரியம் செய்கிறது. சென்னையிலும் அதற்கு ஓர் அலுவலகம் உண்டு. சிறு தொழில்களுக்கு அது தரும் சந்தை மேம்பாட்டு மானியம் நல்ல திட்டம்தான். ஆனால் முதலில் நாம் செலவழித்து, ரசீது காட்டி, பிறகு திரும்பப் பெறுவது. கையில் காசில்லாதவருக்கு மானியமும் ஒரு தவணைக் கடன்போல் ஆகிவிடுகிறது. கணக்குப் போடும்போது அதை வரவில் சேர்க்காதீர்கள், வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம்.

பணப் பாலத்துக்கு எக்சிம் பேங்க் இருக்கிறது. 1995இல் பிறந்தது. ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக்காக 1977இல் தொடங்கப்பட்ட நிறுவனம் பின்னர் இதனோடு இணைந்தது. ஆகவே கடன், காப்புறுதி என்று இரண்டு வேலையும் அங்கே நடக்கிறது. காப்புறுதி என்றால் சரக்கு நனைவதற்கும் உடைவதற்கும் எடுக்கும் கப்பல் காப்புறுதி அன்று. வாங்கியவர் திவாலானால், பணம் கொடாமல் இழுத்தடித்தால், அவர் நாட்டில் போர் மூண்டோ அந்நியச் செலாவணி முடக்கப்பட்டோ பணம் வெளியேற முடியாமற்போனால், இழப்பில் பெரும் பங்கை ஈடுகட்டும் காப்புறுதி. முழுவதையும் அல்ல, ஒரு பங்கு நம் தலையில்தான். அதுவும் நியாயம். முழுவதையும் ஈடுகட்டினால் யார் ஆளைப் பார்த்து விற்பார்?

சாதாரண வங்கிகளும், ஆர்டரைக் காட்டினால் ஏற்றுமுன் கடனும், பத்திரத்தைக் காட்டினால் ஏற்றியபின் முன்பணமும் கொடுப்பதுண்டு. அங்கே தடுமாற்றம் வருவது அடமானத்தில். லயத்து வீட்டில் பிறந்தவருக்கு நிலம் ஏது? இந்தக் குறைக்காகவே 1972இல் சி.ஜி.சி. என்னும் கடன் உத்தரவாதக் கழகம் அமைந்தது. சிறு வணிகருக்காக அது வங்கியிடம் ஜாமீன் நிற்கிறது. தெக்குன் வழியாக இந்தியர்களுக்கென்று ஸ்பூமி கடனும் உண்டு. அது அரவை யந்திரம் வாங்கவும் கடை நடத்தவும் உதவும். வெளிநாட்டுத் தவணையைத் தாங்க மட்டும் அதை நம்ப வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் வாசற்படி ஒன்றே: கணக்கு. வங்கிக்குப் போனால் கேட்பது ஆறு மாத, பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கறிக்கை. நம்மவர் பெரும்பாலும் ரொக்கத்தில் விற்கிறார்கள், ரொக்கத்தில் வாங்குகிறார்கள், மிச்சம் பிள்ளை பள்ளிக்கட்டணத்துக்குப் போகிறது. நிறுவனப் பெயரில் தனிக் கணக்குத் திறந்து, விற்ற ஒவ்வொரு வெள்ளியையும் அதில் போட்டு எடுத்தால் ஓராண்டில் அந்தப் புத்தகமே சாட்சி சொல்லும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பெண் இருந்தால் போதும். மாணவிக்கு நான் முதலில் சொன்னதும் இதைத்தான்.

சரக்கைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். உணவுப் பொருளுக்குச் சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் சிறு தொழிற்கூடத்துக்கு ஏற்ற முதற்படி. ஹலால் சான்றிதழ் இருந்தால் வாசல் அகலமாகும். சுங்கத்துக்கு ஏற்றுமதிப் பாரம் கே-2. இதைப் பொதுவாகச் சரக்கு முகவரே பார்த்துக்கொள்வார். பொருளுக்குரிய சுங்க எண்ணை மட்டும் நீங்களே தெரிந்து வைத்திருங்கள். மிளகாய்த் தூள் 0904 என்றும், குழம்பு மசாலைக் கலவை 0910 என்றும் தொடங்கும். எண் தவறினால் அங்கே வரியும் தவறும். ஆசியான் நாடுகளுக்குள் வரிச் சலுகை பெற மித்தி அமைச்சின் டி பாரம் உண்டு. சிங்கப்பூர் மசாலைக்குச் சுங்க வரியே விதிப்பதில்லையாதலால் அங்கே அது பெரும்பாலும் வேண்டியிராது.

பரிசோதனையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 2024 ஏப்ரலில் இந்தியாவில் தயாரான சில மசாலைகளில் எத்திலீன் ஆக்சைடு என்னும் நச்சுப் புகையின் மிச்சம் இருந்ததாக ஹாங்காங் அவற்றின் விற்பனையை நிறுத்தியது; அதே மாதம் சிங்கப்பூரும் ஒரு மசாலையைத் திரும்பப் பெறச் செய்தது. அவை ஊரறிந்த பெரிய நிறுவனங்களின் சரக்கு, தாங்கிக்கொண்டார்கள். நாம் அரைக்கும் காய்ந்த மிளகாயும் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும்தான் வருகிறது. மூட்டைக்குள் என்ன தெளித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு தொகுதி திருப்பி அனுப்பப்பட்டால் மேலே சொன்ன 80 நாள் கணக்கில் வரவுப் பக்கம் முழுவதும் அழிந்துபோகும். ஆகவே மொத்த வியாபாரியிடம் வாங்கும்போதே பரிசோதனை அறிக்கை கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் கொடுப்பார்கள்.

தனியாக ஒரு கொள்கலன் நிரப்ப நம்மால் ஆகாது. ஆகவும் வேண்டாம். சரக்கு முகவர்கள் பலருடைய சரக்கை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்புகிறார்கள். கன மீட்டருக்கு இவ்வளவு, அல்லது டன்னுக்கு இவ்வளவு, எது கூடுதலோ அது. சேர்ந்து செய்வது நமக்குப் புதிதுமன்று. தோட்டத் துண்டாடலை எதிர்க்கத் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பால்வெட்டிய கைகள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டமே வாங்கியிருக்கின்றன. மசாலை அரைப்பவர், முறுக்குப் பிழிபவர், ஊறுகாய் போடுபவர் என்று மூன்று குடும்பம் சேர்ந்தால் ஒரே முகவர் கட்டணம், ஒரே கே-2, ஒரே இன்வாய்ஸ். ஆனால் அந்த இன்வாய்ஸ் யார் பெயரில் போகிறது, பணம் யார் கணக்கில் வருகிறது, வந்த எத்தனை நாளில் பிரித்துக்கொள்வது, ஒருவர் சரக்கு திரும்பி வந்தால் லோரி வாடகை யார் தலையில் என்பதை லோரி வருமுன் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். சம்பந்தி வீடாக இருந்தாலும் சரி.